முழுக்குச் சாட்சி

என் தம்பி லிசியாத்தேயைப் பற்றி வவாவு தீவில் ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆகவே அந்த வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. இளவயதில் வடக்கே நியுவா தீவுகளில் மிஷனரியாக அலைந்தான். படகில் நனைந்த வெள்ளைச் சட்டையோடு வீடு வீடாகப் போய், முகத்தில் கதவைச் சாத்தியவர்களின் பன்றிகளுக்கு வேலி கட்டிக் கொடுத்தே அவர்களைச் சபைக்குள் கொண்டுவந்தான். பிறகு பிஷப் ஆனான். அதன் பிறகு தீவு முழுவதற்கும் சபைத் தலைவர். எதற்கும் சம்பளம் கிடையாது. பகலில் வள்ளிக்கிழங்குத் தோட்டம், மாலையில் அடுத்தவர் வீட்டு அழுகை. புயல் கூரைகளைப் பிய்த்துப் போட்ட வருஷம் ஊரார் வீடுகளுக்கெல்லாம் தகரம் அடித்தான். அவன் மனைவி தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்து சமைத்தாள். நல்லவன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவன் மகன் ஃபெலெத்தி ஆக்லாந்துக்குப் போனவன் போனவன்தான். அம்மா சாவுக்கு வந்தவன்கூட மண் போட்ட மறுநாளே விமானம் ஏறிவிட்டான்.

நடந்தது இதுதான். மிஷனரியாகப் போகிற பையன்களைத் தலைவர் தனியே கூப்பிட்டு விசாரிப்பார். மனசு சுத்தமா, நடத்தை சுத்தமா என்று கேள்விகள் இருக்கும். ஃபெலெத்திக்குக் கோட்டு தைத்தாகிவிட்டது. வழியனுப்பு விருந்துக்குப் பன்றிகூடக் கொழுத்து நின்றது. விசாரிக்கிற தலைவர் சொந்த அப்பா. எதிரில் இருப்பது அப்பாதானே என்று, ஒரு பெண்ணோடு ஒருநாள் தவறிப்போனதைச் சொல்லிவிட்டான். அவன் சொல்லாவிட்டால் ஒரு ஈ எறும்புக்கும் தெரிந்திருக்காது. பிள்ளை அப்பாவிடம் சொன்னான், கேட்டதோ சபைத் தலைவர். "உண்மை சொன்னதுக்கு நன்றி. ஒரு வருஷம் பொறுத்திரு" என்று எழுந்து கை குலுக்கி அனுப்பிவிட்டான். என் வீட்டு வாசலில் வந்து நின்று அந்தப் பையன் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. விருந்து நின்றதும் ஊருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அந்த வருஷம் முடிவதற்குள் அவன் ஆக்லாந்தில் சாரம் கட்டும் வேலைக்குப் போய்விட்டான்.

போன ஜூலையில் ஃபெலெத்தி மகளைக் கூட்டிக்கொண்டு வந்தான். லூப்பேக்கு எட்டு வயது ஆகிவிட்டது. எட்டு வயதில் எங்கள் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம். இவன் சபைப்பக்கமே போவதில்லை என்றாலும் அவள் அம்மா விடாமல் கூட்டிப்போகிறாள். தாத்தா ஊரில்தான் வேண்டும் என்று பெண் அடம்பிடித்தாளாம்.

அவர்கள் வந்த அன்றே லிசியாத்தே என் வீட்டுக்கு வந்தான். அக்காவும் தம்பியும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசுவது எங்களுக்கு வழக்கமில்லை. அவன் வெளியே படியில், நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம்.

"அக்கா, அவன் திரும்பிப் போறதுக்குள்ள நீ ஒரு வார்த்தை பேசேன்."

"என்னன்னு பேச?"

"நான் வருத்தப்படறேன்னு."

"தீவுல இருக்கற அத்தனை பேர் பாவத்தையும் கேட்டு ஆறுதல் சொன்ன வாய்தானே இது? பெத்த பிள்ளைகிட்ட மட்டும் பூட்டிக்கிச்சா?"

"அவன் முன்னாடி உட்கார்ந்தா விசாரிக்கற மாதிரியே ஆயிடுதுக்கா. வேலை எப்படி, வாடகை எவ்வளவுன்னு கேள்விதான் வருது. வேற ஒண்ணும் வரமாட்டேங்குது."

"அப்ப நான் பேசமாட்டேன். உன் கணக்கை நீயே தீர்த்துக்கோ."

எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஒரு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் லேசாக வந்து போனதில் இடது கை இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. ஆனாலும் பாவப்பட்டே அவனை இத்தனை காலம் கெடுத்து வைத்திருக்கிறோம்.

அன்று லிசியாத்தே வீட்டு முற்றத்தில் எல்லோரும் சாப்பிடும்போது லூப்பே ஆரம்பித்தாள். "அப்பாதான் என்னைத் தண்ணியில முக்கணும்."

"அப்பாவுக்கு அந்த அதிகாரம் இல்லம்மா. தாத்தா செய்வாரு" என்றான் ஃபெலெத்தி.

"ஏன் இல்ல?"

லிசியாத்தே சேப்பங்கீரைப் பொட்டலத்தைப் பிரித்துப் பிரித்து மூடிக்கொண்டிருந்தான். பிறகு மகனைப் பார்க்காமலே சொன்னான். "நீ சாட்சியா நிக்கலாம். அதுக்குத் தடை இல்ல. இன்னொரு பக்கம் அத்தை நிக்கட்டும்."

"அத்தையா? சபை கூடாதுங்கற டீயை அவங்க ஒளிஞ்சு குடிக்கறது உங்களுக்குத் தெரியாதாப்பா?"

"நீ வாயை மூடிட்டுச் சாப்பிடுடா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்பாவும் பிள்ளையும் ஒரே நேரத்தில் சிரித்து நான் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது.

எங்களிடம் முழுக்கு என்றால் முழுக்குதான். ஜெபத்தைச் சொல்லி ஆளை மல்லாக்கச் சாய்க்கும்போது முடி, கால்விரல், உடுப்பின் ஓரம் எதுவுமே தண்ணீருக்கு மேலே நிற்கக் கூடாது. நின்றதென்று சாட்சிகள் சொன்னால் மறுபடி முதலிலிருந்து. இந்த விஷயத்தில் லிசியாத்தேயைப் போல ஒரு கறாரான ஆள் கிடையாது. சுங்க அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு தடியரை, முழங்கால் தெரிகிறது முழங்கால் தெரிகிறது என்று திரும்பத் திரும்ப முக்கியதில் அந்த மனுஷன் தொட்டித் தண்ணீரில் பாதியைக் குடித்துவிட்டுத்தான் கரையேறினார்.

சனிக்கிழமை காலை சபையின் முழுக்குத் தொட்டியை நிரப்பினார்கள். ஜூலை எங்களுக்குக் குளிர்காலம், வெந்நீர் வசதியெல்லாம் இல்லை. தாத்தாவும் பேத்தியும் வெள்ளை உடுப்பில் இறங்கினார்கள். ஒரு ஓரத்தில் நான், எதிர் ஓரத்தில் ஃபெலெத்தி, படிக்கு அருகில் இப்போதைய பிஷப்.

முதல் தடவை சாய்த்ததும் இரண்டு பாதங்களும் மேலே வந்தன. "கால் வந்துடுச்சு" என்றான் ஃபெலெத்தி. லிசியாத்தே தலையசைத்துவிட்டு ஜெபத்தை மறுபடி சொன்னான். இரண்டாவது தடவையும் கால் வந்தது. அதை நான் சொன்னேன். பெண்ணுக்குப் பற்கள் தந்தியடித்தன, உதடு நீலமாகியிருந்தது. லிசியாத்தேயின் இடது கை அவள் முதுகுக்குக் கீழே நடுங்குவது எனக்கு நன்றாகத் தெரிந்தது. மூன்றாவது தடவை அவளை முக்கி, தூக்க முடியாமல் தூக்கினான். அந்தத் தடவையும் வலது காலின் விரல்கள் மேலே வந்து போயின. சிவப்பு நகப்பூச்சுகூடத் தெரிந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் ஃபெலெத்தி சொல்லிவிட்டான். "சரியா இருந்துச்சு. முழுசா முங்கிட்டா."

பிஷப் என்னைப் பார்த்தார். நான் என் தம்பியின் கையைப் பார்த்தேன். "ஆமாம்" என்றேன். சபைக்குள் நான் சொன்ன முதல் பொய் இது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.

லிசியாத்தேக்குத் தெரியும். காலிலிருந்து தெறித்த தண்ணீர் அவன் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. வாயைத் திறந்தான். மகனையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு பெண்ணைப் படியேற்றிவிட்டுத் தானும் மெல்ல ஏறினான். விருந்தில் அவன் இலையில் வைத்த பன்றிக்கறி அப்படியே இருந்தது. மறுநாள் ஆராதனையில் தலையைக் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தான்.

திங்கட்கிழமை விமானம். கிழங்குப் பெட்டிகளை எடைபோடக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தோம். லூப்பே வெளியே நாய்க்குட்டிக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள். லிசியாத்தே தொண்டையைச் செருமிக்கொண்டான். வாடகை எவ்வளவு என்று கேட்கப்போகிறான் என்றே நினைத்தேன்.

"கால் வெளிய வந்துச்சு, ஃபெலெத்தி."

"தெரியும்."

"அப்புறம் ஏன் சரின்னு சொன்னே?"

"உங்க கை நடுங்குச்சுப்பா. அவளும் வெறச்சுப் போயிட்டா. ஆசையா வந்து நின்ன பொண்ணு. இதுக்கு மேல என்ன வேணும், போதும்னு பட்டுது."

எடை போடுகிற பெண் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள். லிசியாத்தே பேசியபோது அவன் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"அன்னிக்கு உன்கிட்ட நானும் அதைத்தான் சொல்லியிருக்கணும். போதும்னு."

ஃபெலெத்தி பெட்டியின் கயிற்றை இழுத்து முடிந்தான். முடிந்துவிட்டு நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

"சொல்லியிருந்தா நான் இங்கயேதான் இருந்திருப்பேன்பா."

அந்தக் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் என் தம்பிக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அப்பாவை ஒருமுறை கட்டிக்கொண்டு, மகளைக் கூப்பிட்டுக்கொண்டு ஃபெலெத்தி உள்ளே போய்விட்டான்.