வலி நின்ற பிறகு

அப்பாவின் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள் மகள். மருத்துவமனைக் கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு, வீட்டுக்குக் கிளம்பத் தயாராக உட்கார்ந்திருந்தார் அவர்.

"வலி போயே போச்சும்மா. ஆட்டோவைக் கூப்பிடு."

தையல்காரர். ஊசி குத்தினாலே ஊரைக் கூட்டுபவர். நேற்று மதியம் வெட்டுமேசைமேல் சுருண்டு அலறியபோதும் கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான். வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். பஞ்சு மாதிரி இருந்தது. வாயுதான் என்று சோடா வாங்கிக் கொடுத்துவிட்டுச் சீருடைகளைத் தைக்கப் போய்விட்டாள். விடிந்ததும் அம்மாதான் பிடிவாதமாக இங்கே இழுத்துவந்தாள்.

கடைசிப் பொத்தானைப் போடும்போது அவள் விரல் அவர் நெஞ்சில் பட்டது. உள்ளே துடிப்பு தாறுமாறாக ஓடியது. தோல் சில்லிட்டிருந்தது.

"ஸ்கேன் பாத்தவங்க வரட்டும்பா."

"வலி போனா சந்தோஷப்படுவியா, மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே," என்றாள் அம்மா.

அறுவை மருத்துவர் வேகமாக வந்தார். "வலி எப்ப நின்னுது?"

"வந்த கொஞ்ச நேரத்துலயே சார். இப்ப நல்லாருக்கார்." சிரித்தபடி சொன்னாள் அம்மா.

மருத்துவர் சிரிக்கவில்லை. வயிற்றைத் தொட்டார். பலகையாக இருந்தது. மகளை மட்டும் வெளியே அழைத்தார்.

"இதயத்துலருந்து ரத்தக்கட்டி போய் குடலோட ரத்தக்குழாயை அடைச்சிருக்கு. வலிச்ச வரைக்கும் குடலுக்கு உயிர் இருந்துச்சும்மா."

"பிழைச்சிடுவாரா?"

"வயசு இருக்கு, இதயம் வேற சரியில்ல. எல்லாத்துக்கும் மேல, நேரம் போயிடுச்சு. எவ்வளவு குடல் மிச்சம் இருக்குன்னு திறந்து பாத்தாதான் தெரியும்."

அறுவை அறைக்குத் தள்ளிக்கொண்டு போகையில் அப்பா அவளைக் கிட்டே கூப்பிட்டார். "டாக்டர் கோணலாத் தைச்சா பிரிச்சுத் தைக்கச் சொல்லு."

மருத்துவர் சீக்கிரமே வெளியே வந்துவிட்டார்.

"அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா! நல்லவேளை," என்று அம்மா பையைத் துழாவி பிளாஸ்க்கைத் தேடினாள்.

மருத்துவர் மகளிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "மொத்தமும் கறுத்துப்போச்சு. வெட்டி எடுத்தா மிஞ்ச ஒண்ணுமில்ல. அப்படியே மூடிட்டோம். இன்னிக்குப் பொழுது தாண்டாது."

அம்மா பிளாஸ்க்கோடு வந்தாள். "காபி கொடுக்கலாமா டாக்டர்? நேத்துலருந்து வெறும் வயிறு."

அவர் மகளைப் பார்த்தார். பிறகு அம்மாவை.

"முழிச்சா, எது கேட்டாலும் கொடுங்க."

"பாத்தியா!" அம்மாவின் முகம் மலர்ந்தது. "ஆத்தி வை. சூடா இருந்தா வேணாம்பார்."

மகள் மூடியில் ஊற்றினாள். டம்ளருக்கு மாற்றினாள். திரும்ப மூடிக்கு. காபி ஆறிப்போய் ஏடு கட்டியது. அவள் ஆற்றிக்கொண்டே இருந்தாள்.