ஒரே வாளியில் இரண்டு பாட்டில்

பாட்டிலை ஆஸ்பத்திரிச் சாக்கடையில் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது சிஸ்டர் கும்வெண்டா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இளஞ்சிவப்பு நுரை இன்னும் என் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டிலை அவசரமாக இடுப்புத் துணிக்குள் செருகினேன். அது தொடையில் சொட்டியது.

"லோனெஸ்! காது கேக்கலையா? உள்ள வா, கொஞ்சம் பேசணும்."

மாமா இறந்து இரண்டு மணிநேரம்தான் ஆகியிருந்தது. அம்மா பலாக்கா ஊரிலிருந்து பிக்கப் வண்டி பிடித்து வந்துகொண்டிருந்தாள். அவள் வருவதற்குள் எல்லாம் வெளியே வந்துவிடும். அவளுடைய அண்ணனைக் கொன்றது நான்தான் என்று.

மாமாவுக்குக் குடலில் ஓட்டை விழுந்து ஆபரேஷன் நடந்து இன்றைக்கு ஐந்தாம் நாள். முதல் நாளே சிஸ்டர் எங்களிடம் விளக்கிச் சொல்லி, மாமாவிடம் கைநாட்டும் வாங்கினார். தையல் போட்டவர்களுக்குச் சீழ் பிடிக்காமல் தடுக்க ஓர் ஆராய்ச்சி. உறையைப் பிரித்தால் ஓர் எண் வரும், அந்த எண்ணுள்ள பாட்டிலால் தினமும் உடம்பைக் கழுவ வேண்டும். பாதிப் பாட்டில்களில் கிருமியைக் கொல்லும் மருந்து. மீதியில் வெறும் சோப்பு. நிறமும் வாசனையும் ஒன்றுதான்.

"எதுல எதுன்னு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது" என்றார் சிஸ்டர்.

நோயாளிகளோடு வந்தவர்கள் சமைக்கும் கொட்டகையில் இதை ஒருத்தரும் நம்பவில்லை.

"தெரியாதாம்! அந்தம்மாவுக்குத் தெரியாம இந்த வார்டுல ஒரு ஈ பறக்குமா?" என்றாள் எஸ்நாத் அக்கா. பக்கத்துக் கட்டில் லைசனின் மனைவி. கொட்டகையில் உப்பு, விறகு, தக்காளி எல்லாம் பொது. தனக்கென்று ஒளித்து வைப்பவளுக்கு மறுநாள் அடுப்பில் இடம் கிடைக்காது. எஸ்நாத் அக்காதான் வாளியை நடுவில் வைத்தாள்.

"உன் பாட்டிலையும் ஊத்து, நானும் ஊத்தறேன். உன்னோடதுல மருந்து இருந்தா எனக்குப் பாதி. என்னோடதுல இருந்தா உனக்குப் பாதி. யாரும் ஏமாற வேண்டாம், என்ன சொல்ற?"

அது நியாயமாகத்தான் பட்டது. ஊற்றினேன். கலக்கியதைத் திரும்ப இரண்டு பாட்டிலிலும் நிரப்பிக்கொண்டோம்.

மாமா சைக்கிள் டாக்ஸி ஓட்டுபவர். தினமும் நான் கழுவும்போது கேலி செய்வார். "என் சைக்கிளைக்கூட நான் இப்படித் தேய்ச்சதில்லடி. அடுத்து செயினுக்கு எண்ணெய் போடுவியா?"

இன்று காலை முதல்முறையாக எழுந்து நான்கு அடி நடந்தார். "மூச்சு வாங்குதே" என்றார். கட்டிலைப் பிடிக்கக் கை நீட்டினார். அவ்வளவுதான்.

கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றபோது என் கண் முதலில் போனது லைசன் மேல். சாய்ந்து உட்கார்ந்து ன்சீமாக் களியை உருட்டிக்கொண்டிருந்தவர், உருண்டை கையில் இருக்க அப்படியே உறைந்துவிட்டார். மாமாவின் உயிரில் பாதியைத்தான் அவர் தின்கிறார் என்று தோன்றியது.

சிஸ்டரின் அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி. முன்னால் ஒரு படிவம்.

"தினமும் குளிப்பாட்டினியா?"

"ஆமா சிஸ்டர்."

"இந்தப் பாட்டில்லயேவா? எங்க, குடு பாக்கலாம்."

எடுத்துக் கொடுத்தேன். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"நேத்து சாயங்காலம் நானே கோடு போட்டேன். பாதிக்கு மேல இருந்துச்சு. எங்க போச்சு?"

அதன் பிறகு என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. வாளி, எஸ்நாத் அக்கா, பாதி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "நான்தான் மாமாவைக் கொன்னுட்டேன் சிஸ்டர். அவரோட மருந்தை நான்தான் தூக்கிக் குடுத்துட்டேன்."

அவர் பேனாவை மூடினார்.

"ஏய், இங்க பாரு. உன் மாமா வயித்துக் கட்டை இப்பதான் நானும் டாக்டரும் பிரிச்சுப் பாத்தோம். தையல் காஞ்சு கிடக்கு. சீழ் இல்ல, சிவப்புகூட இல்ல. அவருக்கு இடது கால் வீங்கியிருந்துச்சு, கவனிச்சியா?"

"கவனிக்கல."

"நாங்களும்தான் கவனிக்கல" என்றார். படிவத்தை என் பக்கம் திருப்பினார். "கால்ல ரத்தம் உறைஞ்சு, அந்தக் கட்டி நெஞ்சுக்குப் போயிருக்கும்னு டாக்டர் எழுதியிருக்கார். இந்தப் பாட்டிலைப் பத்து மடங்கு ஊத்தியிருந்தாலும் அதைத் தடுத்திருக்காது. புரியுதா?"

புரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்தேன். உடனே பயங்கரமாகப் பசித்தது. மாமா பக்கத்து அறையில் துணி மூடிப் படுத்திருக்க, எனக்குப் பசித்தது.

"நீங்க ரெண்டு பேரு மட்டும்தானா? வேற யாராவது கலந்தீங்களா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"எத்தனை கட்டில், லோனெஸ்?"

"ஆறு."

சிஸ்டர் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். தோள்கள் குலுங்கின. சிரித்துக்கொண்டிருந்தார். "அந்த உறைங்களை ரெண்டு வருஷமா பூட்டி வச்சுப் பாதுகாக்கறோம். நீங்க ஒரு வாளியை வச்சு... அய்யோ கடவுளே." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதை நான் மேல எழுதித்தான் ஆகணும். ஆனா இனிமே கலக்காதீங்கன்னு சொன்னா கேப்பாங்களா?"

"இங்க உக்காந்து சொன்னா கேக்கமாட்டாங்க. கொட்டகைக்கு வாங்க. எங்களோட உக்காந்து சாப்பிட்டுட்டு, உங்களுக்கும் தெரியாதுன்னு அங்க சொல்லுங்க."

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

எழுந்தபோது கேட்டேன். "எது மருந்துன்னு எப்பதான் தெரியும்?"

"ஆராய்ச்சிக்கு எல்லாரையும் சேத்து முடிச்சப்புறம். எந்த நம்பர் மருந்துன்னு எழுதிப் பூட்டி வச்ச பெட்டியை அடுத்த வருஷம் திறப்பாங்க. நம்பரை ஞாபகம் வச்சுக்கோ, வந்து கேளு. சொல்றேன்."

மாமாவுடையது நானூற்றுப் பதினேழு. லைசனுடையது நானூற்றுப் பதினெட்டு.

கொட்டகையில் எஸ்நாத் அக்கா தட்டை நீட்டினாள். ன்சீமாவும் பொரித்த பொடிமீனும். முழுத் தட்டையும் வழித்துத் தின்றேன். அவள் இன்னொரு உருண்டை வைத்தாள்.

சாயங்காலம் பிக்கப் வந்தது. அம்மா இறங்கி என்னைக் கட்டிக்கொண்டு, "தனியா என்ன பாடுபட்டியோ" என்று அழுதாள். மாமாவின் சவப்பெட்டியை ஏற்றினார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து பாடத் தொடங்கினார்கள். நான் பெட்டியின் மூலையை அணைத்துக்கொண்டேன். நானும் பாடினேன். குரல் நன்றாகவே வந்தது.

வண்டி திரும்பியபோது வார்டு ஜன்னலில் லைசன் நின்றிருந்தார். வயிற்றை ஒரு கையால் பிடித்தபடி, யாரும் தாங்காமல், தானாகவே. இன்னொரு கையை மெல்ல உயர்த்தினார்.

அடுத்த வருஷம் அந்த எண் பெட்டியைத் திறப்பார்கள். போய்க் கேட்பேன். அதில் மாமாவின் எண்ணா, லைசனின் எண்ணா, எது மருந்தாக இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்?