ஒரு பேர் போதும்

பழைய ரேஷன் பதிவேட்டை எழுதிய மகராசன் யாரோ, ஊர், தெரு, அப்பன் பேர், ஆள் பேர், வயது எல்லாவற்றையும் ஒரே வரியில் கூட்டாஞ்சோறாகக் கிண்டி வைத்திருந்தான். அதைப் பிரித்துப் புதுப் பதிவேட்டில் கட்டம் கட்டமாக ஏற்றுவதுதான் தினக்கூலி எழுத்தர் சகாதேவனுக்குக் கொடுத்திருந்த வேலை. ஒரே அப்பனுக்கு ஒரே பேரில் இரண்டு பிள்ளை இருந்தால் ஒன்று போலி. பழையதிலேயே சிவப்பு மையால் அடித்துவிட வேண்டும். காலையிலிருந்து எத்தனையோ பேரைக் கை கூசாமல் அடித்திருந்தான்.

அவன் ஊரான அடி அண்ணாமலை வந்ததும் கை நின்றுவிட்டது. சகாதேவன் மகள் உண்ணாமுலை. அடுத்த வரியிலும் சகாதேவன் மகள் உண்ணாமுலை. இரண்டும் அவன் பெற்றவைதான். மூத்தவள் அம்மை போட்டுப் போய்விட்டாள். அடுத்துப் பிறந்தவளுக்கும் அவன் மனைவி காசியம்மாள் அதே பேரை வைத்தாள். "போனவதான் திரும்பி வந்திருக்கா. வேற பேரு வச்சா கோவிச்சுக்குவா" என்றாள். செத்தவள் பேரைக் கார்டிலிருந்து எடுக்க மட்டும் அவள் சம்மதிக்கவே இல்லை. சர்க்கரைக்கு ஆசைப்படுகிறார்கள் என்று ஊர் பேசியது. பேசட்டுமே.

இப்போது சின்னவள் பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறாள். நேற்றிலிருந்து ஜுரம் இறங்கவில்லை. காலையில் அவன் கிளம்பும்போது கூப்பிட்டதற்குக் கண் திறக்கவில்லை. லீவு கேட்டால் வேலையே போய்விடும் என்று வந்து உட்கார்ந்திருக்கிறான், பாவி.

தலைமை எழுத்தர் கோதண்டராமன் பின்னால் வந்து நின்றார். கெட்டவர் இல்லை. சாயங்காலத்துக்குள் பதிவேடு மேலே போகவேண்டுமே என்ற பதைப்பு அவருக்கு.

"இன்னாப்பா, அங்கியே நிக்கிற? ஒரே பேரு ரெண்டு தபா வருது. ஒண்ணு போதும், இன்னொண்ண அடி."

"என் பொண்ணுங்க சார்."

"ரெண்டும் உசுரோட இருக்குதா?"

இல்லையென்று தலையை ஆட்டினான்.

"அப்புறம் இன்னா? உன் வூட்டுப் பேரையே நீ விட்டு வச்சா, கேக்கறவனுக்கு நான் இன்னா சொல்றது?"

"நாளைக்கு அடிச்சிடறேங்க சார். சின்னது ஆஸ்பத்திரியில கெடக்குது. அந்தப் பேரு மேல இன்னிக்குக் கோடு போட மனசு வரல சார்."

"அடப்பாவமே! அடிக்கப்போறது செத்ததத்தானேப்பா. போடு, போட்டுட்டு ஓடு."

செத்தது எது, இருப்பது எது என்று இவருக்குச் சொல்லிவிட்டான். எமனுக்கு யார் சொல்வது? அண்ணாமலையாரே, மூத்தவளைத்தான் அடிக்கிறேன், சின்னவளை இல்லை, சின்னவளை இல்லை என்று உள்ளுக்குள் கதறிக்கொண்டே கோட்டை இழுத்தான். அழுத்திய அழுத்தில் பேனாவிலிருந்து மை கொட்டிவிட்டது. பதறிப்போய் வேட்டி முனையால் ஒற்றினான். ஒற்ற ஒற்ற அது பரவி அடுத்த வரிக்கு இறங்கியது.

"மாமா!"

வாசலில் காசியம்மாளின் தம்பி மூர்த்தி மூச்சிரைக்க நின்றான். ஆஸ்பத்திரியில் அக்காவுக்குத் துணையாக இருந்தவன்.

சகாதேவன் திரும்பவில்லை. சின்னவள் பேரின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தி மூடிக்கொண்டான். விரல் இடுக்குகளில் மை ஈரமாக ஏறிக்கொண்டிருந்தது.