கை போகும் இடம்

விமானம் கார் ஷெட்டுக்குள் இருந்தது. கார் வெயிலிலும் மழையிலும், வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பிள்ளை மாதிரி வாசலில் நின்றது. இறக்கைகளைக் கழற்றிச் சுவரோடு சாய்த்து வைத்திருந்ததால், புதிதாகப் பார்ப்பவர்களுக்கு அது சக்கரம் முளைத்த படகு போலத்தான் தெரியும்.

அதைக் கட்டியவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். பகல் முழுக்க ஊரார் ஏறி இறங்கும் பெட்டிகளோடு மல்லுக்கட்டிவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து தன் சொந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டுவார். அவர் மனைவிக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று வருகிறவர்களையெல்லாம் கேட்டுக் கேட்டு, எதைப் பார்த்தாலும் ஒரு கேள்வி போடாமல் அவளால் நகர முடியாது.

விமானத்தில் இரண்டு இருக்கைகள், பக்கம் பக்கமாக. இடது அவருடையது. வலது அவளுடையது, அவளை உட்கார வைத்து அளவெடுத்துத்தான் மெத்தையே வெட்டினார். முதலில் சில தடவை அவர் மட்டும் தனியாக ஓட்டிப் பார்க்க வேண்டும், பிறகுதான் அவளை ஏற்றலாம் என்பது விதி. அதிகாரிகள் பார்த்துச் சரியென்று சொல்லியாகிவிட்டது. ஆனாலும் அவர், "நீயும் சரின்னு சொன்னாத்தான் கிளப்புவேன்" என்றார். இத்தனை வருடம் ஷெட்டில் இரும்பு வாடையைப் பொறுத்துக்கொண்டவளுக்கு அந்த மரியாதையாவது வேண்டாமா?

அவளுக்கு ஒரு ஆசை உண்டு. வெளியே சொன்னதில்லை. மேகத்தின் அடிவயிற்றைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். அதன் முதுகு எப்படி இருக்கும்? பெரிய விமானத்தின் சின்ன ஜன்னல் வழியாக இல்லை. தலைக்கு மேல் கண்ணாடி மூடி மட்டும் இருக்க, திரும்பிய பக்கமெல்லாம் பார்க்க வேண்டும்.

கடைசியாக வந்து சேர்ந்தது தீயணைப்பான். வெந்நீர் ஃபிளாஸ்க் அளவுதான், ரத்தச் சிவப்பு. தன் இருக்கையின் இடப்பக்கம், தொடைக்குக் கீழே ஒரு கிளிப் வைத்து அதைப் பொருத்தினார்.

"எதுக்குங்க இது? மேல போய்த் தீப்பிடிச்சா இறங்கியா ஓட முடியும்?"

"ஓட முடியாதுன்னுதான்மா இது. முதல்ல பெட்ரோலை மூடணும். உள்ள வயர் கியர் எரிஞ்சா இதை எடுத்து அடிக்கணும். அப்புறம் புகையை வெளிய விட்டுட்டு, இறங்க இடம் பாக்கணும்."

"சரி, உக்காந்து காட்டுங்க. பெல்ட்டெல்லாம் போட்டு."

அவர் ஏறி உட்கார்ந்து, தோள் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார். அவள் "தீ!" என்றாள். இடது கை விமானத்தை ஓட்டும் கோலை விட்டது. வலது கை கோலைப் பிடித்தது. இடது கை கீழே போய்ச் சிலிண்டரோடு வந்தது. வெண்ணெயில் கத்தி போன மாதிரி. மறுபடி சொன்னாள். மறுபடியும் அதே அழகு.

"திருப்தியா?" என்று கேட்டார்.

"பாக்கலாம்" என்றாள்.

மறுநாள் கடைக்கு ஒரு பெரியவர் வந்தார். வண்டி ஓட்டும் உரிமத்துக்குக் கண் சான்றிதழ் வேண்டுமாம். பலகையின் கடைசி வரி வரை தடையில்லாமல் ஒப்பித்தார். ஒப்பித்தது முழுக்கச் சரி. ஒரே குறை, அவள் காலையில்தான் பலகையை மாற்றியிருந்தாள். அவர் சொன்னது பழைய பலகை. "ஐயா, மனப்பாடம் நல்லா இருக்கு. கண்ணைப் பாப்போமா?" என்றாள். பெரியவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. நேற்று சாயங்காலம் ஷெட்டில் பார்த்ததும் மனப்பாடம்தானே என்று தோன்றிவிட்டது.

அன்று மாலை அவளுடைய அண்ணன் வந்திருந்தார். பால் வண்டி ஓட்டுகிறவர். வாயைத் திறந்தால் மூடமாட்டார். அவரைத் தனியே கூப்பிட்டு, "அண்ணா, அவரை நல்லா வம்புக்கு இழு. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அண்ணனுக்கு அது சர்க்கரை சாப்பிடுகிற வேலை. லிஃப்ட்காரர் விமானத்தில் உட்கார்ந்து ஏதோ திருகிக்கொண்டிருக்க, இவர் பக்கத்தில் நின்று ஆரம்பித்தார்.

"ஏன் மாப்பிள்ளை, இது மூணாவது மாடியில நிக்குமா, இல்ல நேரா மொட்டை மாடிதானா?"

"உங்க வண்டி மாதிரி மூலைக்கு மூலை நிக்காது மச்சான்."

"பாட்டு வருமா உள்ள? சில லிஃப்ட்ல வருமே."

"பெல்ட் எவ்வளவு இறுகுதுன்னு பாக்கறேன், பேசாம இருங்க..."

"தீ!" என்று கத்தினாள் அவள், பின்னாலிருந்து.

அவர் கை பறந்தது. ஆனால் கீழே இல்லை, இடப்பக்கமும் இல்லை. வலது கை வலப்பக்கம் நீண்டு, அவளுடைய இருக்கையின் மெத்தை விளிம்பில் பட்டென்று அடித்தது. அடித்துவிட்டு அங்கேயே நின்றது, எதையோ அழுத்திக்கொண்டு.

"பாத்தியா, எடுத்துட்டேன்" என்றார் அவர். பிறகு கையைப் பார்த்தார். கையில் ஒன்றும் இல்லை.

வேறு வேறு நாட்களில், வேறு வேறு வேலைகளுக்கு நடுவே அவள் கத்தினாள். சில சமயம் வேண்டுமென்றே பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினாள். அவருக்குத் தெரிந்து காத்திருந்தால் கை இடது பக்கம் போனது. தெரியாமல் மாட்டினால் வலது பக்கம்தான். வெள்ளை மெத்தையின் ஒரே இடத்தில் கிரீஸ் விரல்கள் ஒன்றன் மேல் ஒன்றாகப் பதிந்து, கருத்த பூ மாதிரி ஆகிவிட்டது. முதலில் கறை போகாதே என்று திட்டினாள். பிறகுதான் குனிந்து உற்றுப் பார்த்தாள். எல்லா விரலும் ஒரு கைக்குட்டை அகலத்துக்குள் அடங்கியிருந்தன. குருட்டாம்போக்கில் விழுகிற கை இப்படிக் குறி தவறாமல் விழாது.

"என்னங்க, அங்க என்ன இருக்கு?"

"எங்க?"

"உங்க கை போற இடத்துல."

"ஒண்ணுமில்லையே. உன் சீட்டு."

"இங்க இல்லை. வேற எங்கயாவது, உங்களுக்கு வலது பக்கத்துல, இந்த உயரத்துல, அவசரத்துக்கு அடிக்கிற மாதிரி."

அவர் தன் இருக்கையில் இருந்தபடியே யோசித்தார். லிஃப்ட் பெட்டியின் மேல் மண்டியிட்டு வேலை செய்கிற மாதிரி உடம்பைக் கொஞ்சம் வளைத்தார். இடது கையில் கயிற்றைப் பிடித்தார், இல்லாத கயிற்றை. வலது கை தானாக நகர்ந்தது. கறையின் மேல் போய் உட்கார்ந்தது.

"சிவப்பு பட்டன்" என்றார் மெல்ல. "பெட்டி தானா நகர ஆரம்பிச்சா நிறுத்தற பட்டன். காளான் மாதிரி இருக்கும். எப்பவும் இந்தப் பக்கம்தான் வச்சுக்குவேன்."



"பழகிக்கலாம்" என்றார் அவர். "தினமும் நூறு தடவை இடது பக்கம் எடுத்தா கை மாறிடும்."

"உங்களை இத்தனை வருஷமா உயிரோட வீட்டுக்கு அனுப்பின கைங்க அது. அதுக்கு எதுக்குப் புதுப் பாடம்? சிலிண்டரைத் தூக்கிக் கை போற இடத்துல வைங்க."

"அங்க நீ உக்காரணுமே."

அதுதான் விஷயம். கிளிப்பை மெத்தை விளிம்பில் பொருத்தினால் சிலிண்டர் சரியாக அவள் முழங்கால்களுக்கு நடுவே வரும். அப்புறம் அங்கே யாரும் உட்கார முடியாது. அவர் முகத்தைப் பார்க்காமல் அவள் கறையைப் பார்த்தாள். அந்த மெத்தைக்கு அவள் இரண்டு தடவை உறை தைத்திருக்கிறாள். மேகத்தின் முதுகு ஒரு கணம் கண்ணுக்குள் வந்து, வெள்ளையாக, மெத்தென்று, நகர்ந்து போனது.

"வைங்க" என்றாள். "அப்போ நான் சரின்னு சொல்றேன்."

கிளிப்பை இடம் மாற்றி, விமானத்தை மறுபடி தராசுகளில் ஏற்றி எடை பார்த்து, கணக்கைத் திருத்தி எழுதிய பிறகு, ஒரு விடுமுறை நாள் காலையில் மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள். அவர் இடது இருக்கையில். வலது இருக்கையில் சிவப்புச் சிலிண்டர், வீட்டுக்குப் புதிதாக வந்த விருந்தாளி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அண்ணன் அதற்குக் கையசைத்தார். விமானம் ஓடியது, தத்தியது, தரைக்கும் சக்கரத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. மைதானத்தைச் சுற்றி வந்து இறங்கும் வரை அவள் விமானத்தைப் பார்க்கவேயில்லை. புகை ஏதாவது வாலாக நீளுகிறதா என்று அதன் பின்னால் இருந்த வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் நீளவில்லை.

"எப்படி இருந்துச்சு?"

"சத்தம்" என்றார் அவர். முகமெல்லாம் சிரிப்பு.

"மேகம்?"

"அவ்வளவு உயரம் போகலை. அதுக்கு நீ வரணும்."

தனியாக ஓட்ட வேண்டியதெல்லாம் ஓட்டி முடித்த பிறகு, ஒரு மாலை ஷெட்டில் அவர் கிளிப்பைக் கழற்றினார். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே, அவளுடைய இடது முழங்காலை ஒட்டி இன்னொன்று பொருத்தினார்.

"நான் ஓட்டுவேன், நீ எடுக்கணும்" என்றார். "என் கை எப்படியும் உன் பக்கம்தான் வந்து விழும். விழற கைல நீ சிலிண்டரைக் குடுத்துடு. அவ்வளவுதான்."

"இவ்வளவுதானா?" என்றாள். அவர் இடது இருக்கையில் ஏற, அவள் வலதில் ஏறி உட்கார்ந்தாள். பெல்ட்டை இறுக்கினாள். மெத்தை அளவாக இருந்தது. கறை அப்படியே இருந்தது; அவள் உறையை மாற்றவில்லை. கண்ணாடி மூடி வழியாக ஷெட்டின் தகரக் கூரை தெரிந்தது. அதற்கு மேலே மேகம் இருக்குமா, இருந்தால் எவ்வளவு தடிமன் இருக்கும், வெயில் அதன் மேல் விழுந்தால் கண் கூசுமா என்று...

"தீ!" என்று கத்தினார், ஷெட் வாசலில் நின்றிருந்த அண்ணன்.

அவர் கை வந்து அவள் முழங்காலில் விழுந்தது. அவள் கை சிலிண்டரைத் தாண்டிப் போய் அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டது. இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். சிலிண்டர் நடுவில் தேமே என்று இருந்தது.

"நல்லா எரியுது" என்றார் அண்ணன். "கையைப் புடிச்சுக்கிட்டு சொகமா உக்காருங்க ரெண்டு பேரும். நான் பால் கறந்து கொண்டாரேன்."

பக்கத்து இருக்கையில் அவர் அடக்க முடியாமல் சிரித்தார். அவள் தன் கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், கடைக்கு வந்த யாரோ ஒருவருடைய கை மாதிரி. பிறகு தளர்ந்திருந்த பெல்ட்டை மறுபடி இழுத்து மாட்டினாள்.

"அண்ணா, இன்னொரு தடவை" என்றாள். "எப்போன்னு சொல்லாதே."