போணிச் சால்வை

காலை எட்டரைக்கெல்லாம் நிஷாந்தி கடையைத் திறந்துவிட்டாள். திறந்தாள் என்றால், கண்டிக்குப் பக்கத்துக் குண்டசாலையில் தன் வீட்டு முன்னறையில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு, லேப்டாப்பில் ஒரு பொத்தானைத் தட்டினாள். திரையில் அவளுடைய பொம்மை எழுந்து நின்றது. நீலச் சட்டை, குதி உயர்ந்த செருப்பு, இடது கன்னத்தில் அவளுக்கு இருப்பது போலவே ஒரு மச்சம். மச்சம் வைக்கச் சொல்லி அடம் பிடித்தது அவள் புருஷன் ஸ்ரீதரன்தான்.

எங்கெங்கோ இருக்கும் ஆட்கள் பொம்மை உருவத்தில் வந்து உலாவும் இணைய நகரம் அது. அங்கே பொம்மைகளுக்கு உடுப்பு விற்கும் கடையில் அவள் விற்பனையாள். உடுப்பும் பொய், வாங்குகிற காசும் அந்த நகரத்துக் காசு. ஆனால் சம்பளம் மட்டும் மாதக் கடைசியில் நிஜ ரூபாயாக வந்தது, சும்மா சொல்லக் கூடாது.

அதற்கு முன் பதினாலு வருஷம் கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையில் நின்றே வேலை பார்த்தவள். விற்பனைப் பெண்கள் உட்காரக் கூடாதென்பது அந்தக் கடைச் சட்டம். கால் நரம்பெல்லாம் சுருண்டு புடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் தொடைவரை ஏறும் இறுக்கமான காலுறை ஒன்றைக் கொடுத்து, இனி நிற்கிற வேலை வேண்டவே வேண்டாம் என்றார்கள். நிற்க முடியாதவளுக்குப் புடவைக் கடையில் என்ன வேலை? த்ரீவீல் ஓட்டும் ஸ்ரீதரன்தான் இந்த வேலையைத் தேடிப் பிடித்தான்.

"பொம்ம நிக்கட்டும், நீ ஒக்காரு" என்றான்.

அன்றைக்கு முதலில் வந்தது சாம்பல் பனியன் போட்ட ஒரு பொம்மை. நகரத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இலவசமாகக் கிடைப்பது அந்தப் பனியன். ஒவ்வொரு உடுப்பாகத் தொட்டு விலை பார்த்துவிட்டு, பாவம், வாசல் பக்கம் திரும்பியது.

முதல் ஆளை வெறுங்கையோடு விடுவதா? நிஷாந்திக்குப் பொறுக்கவில்லை. டூரிஸ்ட்காரர்களோடு பேசிப் பழகிய இங்கிலீசில் அவசரமாகத் தட்டினாள்: "இன்னைக்கு நீங்கதான் மொத ஆளு. ஒரு காசு குடுங்க போதும்." தொண்ணூறு காசுச் சிவப்புச் சால்வையை எடுத்து அந்தப் பொம்மையின் தோளில் போட்டுவிட்டாள்.

பத்து நிமிஷத்தில் கொழும்பிலிருந்து மேற்பார்வை செய்யும் சஞ்சீவனியின் போன் கோல் வந்தது.

"என்ன நிஷாந்தி, ஒரு காசுக்குக் குடுத்திருக்கீங்க?"

"போணி மிஸ். மொத ஆளத் திருப்பி அனுப்புனா அந்த நாளே வெளங்காது."

"அங்க நாளே கெடையாது. இருவத்திநாலு மணித்தியாலமும் தொறந்திருக்கிற கட."

"சரி மிஸ், ஆனா குடுத்தா கொறஞ்சா போகுது? எத்தன குடுத்தாலும் அந்தச் சால்வ அப்பிடியே தொங்குதே!"

"சால்வ கொறயாது. வெலதான் கொறயும். சும்மா கெடைக்கும்னு தெரிஞ்சா யாரு காசு குடுப்பாங்க? இன்னொரு தரம் செஞ்சா வேலய விட்டு நிப்பாட்டிருவாங்க."

ராத்திரி சோறு போடும்போது நிஷாந்தி அதைப் புருஷனிடம் சொன்னாள். ஸ்ரீதரன் சிரித்தான். "பொம்ம ஊருலயும் போய் போணி பாத்தியாடி!" சிரித்துக்கொண்டே அவள் காலைத் தன் மடியில் வைத்து எண்ணெய் தேய்த்துவிட்டான்.

ஆனால் மறு வாரம் அந்தச் சாம்பல் பனியன் திரும்பி வந்தது. தோளில் சிவப்புச் சால்வை, பின்னால் ஆறு கூட்டாளிகள். ஆறு பேரும் முழு விலைக்கு வாங்கினார்கள், அவர்கள் இன்னும் பத்துப் பேரைக் கூட்டி வந்தார்கள். மாதம் முடிவதற்குள் விற்பனை இரண்டு மடங்காகிவிட்டது.

"மொதலாளிக்கு ரொம்பச் சந்தோஷம்" என்றாள் சஞ்சீவனி. "ஒவ்வொரு நாளும் போணி குடுக்கட்டுமாம். இன்னொண்ணு, ஆளுங்ககிட்ட நீங்க பேசுறத எல்லாம் எழுதி அனுப்புங்க. புதுசா வாற ஆளுக்குப் படிச்சுக் குடுக்கணுமாம்."

நிஷாந்திக்குத் தலைகால் புரியவில்லை. பதினாலு வருஷத்தில் யாராவது அவள் பேச்சை எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்களா? இரண்டு ஞாயிற்றுக்கிழமை புருஷனும் பெண்சாதியும் கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்தார்கள். ஸ்ரீதரன்தான் கடைக்கு வருகிற ஆள்.

"இந்தக் கலரு புடிக்கல!"

"நீங்க போட்டா புடிச்சுப் போகும்."

"ஒண்ணும் வேணாம், நான் போறேன்!"

"போயிட்டு வாங்க. கட எங்கயும் போகாது, நானும் எங்கயும் போக மாட்டேன்."

"அடேங்கப்பா, இதுக்கே நான் ரெண்டு வாங்குவேன்" என்றான் ஸ்ரீதரன்.

ஐம்பத்து மூன்று வாக்கியம் சேர்ந்தது. அனுப்பினாள்.

அடுத்த மாதக் கடைசியில் ஒரு கடிதம் வந்தது. இதுவரை செய்த சேவைக்கு நன்றி, திங்கட்கிழமையிலிருந்து தேவையில்லை. சஞ்சீவனிக்குக் கோல் எடுத்தாள்.

"புதுசா ஒரு ஆளு வருதுன்னுதான் எனக்கும் சொன்னாங்க" என்றாள் சஞ்சீவனி. "அது ஆளே இல்ல, மெஷின்னு எனக்குத் தெரியாது அக்கா." அவள் அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

செவ்வாய்க்கிழமை காலை நிஷாந்தி அந்த நகரத்துக்கு ஒரு புது ஆளாகப் போனாள். சாம்பல் பனியன் கொடுத்தார்கள். கடை வாசலில் நீளமான வரிசை. உள்ளே நீலச் சட்டையும் குதி உயர்ந்த செருப்புமாக அவளுடைய பொம்மையே நின்றது, கன்னத்து மச்சத்தோடு.

முன்னால் நின்றவரிடம் அது சொன்னது: "இன்னைக்கு நீங்கதான் மொத ஆளு. ஒரு காசு குடுங்க போதும்." சால்வை கைமாறியது. அடுத்தவரிடமும் அதையே சொன்னது. அதற்கடுத்தவரிடமும்.

நிஷாந்தியின் முறை வந்தது. "இன்னைக்கு நீங்கதான் மொத ஆளு. ஒரு காசு குடுங்க போதும்."

புதுக் கணக்கில் அந்த ஒரு காசும் இல்லை. வாசல் பக்கம் திரும்பினாள்.

"போயிட்டு வாங்க" என்றது பொம்மை. "கட எங்கயும் போகாது, நானும் எங்கயும் போக மாட்டேன்."

"என்னடி சொல்லுது?" என்று எட்டிப் பார்த்தான் ஸ்ரீதரன்.

"நான் சொன்னதத்தான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டவுனில் ஒரு புடவைக் கடையில் பத்து மணிக்கு வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஸ்டூலிலிருந்து காலை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தாள். ஸ்ரீதரன் அலுமாரியைத் திறந்து அந்தக் காலுறையை எடுத்து வந்து, அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து, புடைத்த நரம்புகளின் மேல் அதை மெதுவாக ஏற்றினான். திரையில் பொம்மை நின்றுகொண்டே இருந்தது.