வடிவு வீட்டு வாசலில் லாரி

ஆடி மாத வெயிலில் இடுப்பளவு நீரில் நின்று, விரல்நுனி நீளக் கட்லா மீன்குஞ்சுகளைப் பானையிலிருந்து குட்டைக்குள் இறக்கிக்கொண்டிருந்தாள் வடிவு. கரையிலிருந்து பானைகளை எடுத்துக் கொடுத்தாள் அவள் ஓரகத்தி வேம்புலியம்மாள்.

பட்டாபிராமில் இருவர் வீட்டுக்கும் பின்னால், புறம்போக்கில், ஆளுக்கொரு குட்டை. இரண்டிலும் விரால்தான் வளர்ந்தது. ஆவடியில் பட்டாளம் வந்திறங்கியதும் எல்லாம் மாறிப்போனது. முகாம் சமையல்காரர்களுக்குப் பாம்பு மாதிரி கருத்த விரால் ஆகாது, கட்லாதான் வேண்டும். அதைக் கொடுக்க லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் வேண்டுமென்றால் குட்டையில் ஒரு விரால்கூட இருக்கக் கூடாது. கட்லாக் குஞ்சுகளை அது தின்றுவிடும். வடிவு சித்திரையிலேயே நீரை இறைத்துச் சேற்றைக் காயவிட்டாள். வேம்புலியம்மாளுக்கு மனம் வரவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு விரால்தானே கேட்பார்கள் என்று இருந்துவிட்டாள். இப்போது அதைக் கேட்டு வருபவர்களும் குறைந்துபோனார்கள்.

"இன்னாக்கா மொறைச்சிகினு கீறே? குஞ்சு பயந்துடப் போவுது," என்று சிரித்தாள் வடிவு. "மாசில பட்டாளத்து லாரி நம்ம ஊட்டாண்டயே வந்து நிக்கும் பாரு. நீயும் வந்து வலை இஸ்த்துக் குடு. கூலி தரேன்."

வேம்புலியம்மாள் அடுத்த பானையை எடுத்து நீட்டினாள். புதுப்பெண்ணாக வந்து விராலைத் தொடவே பயந்து அலறிய வடிவுக்கு, தலையை அமுக்கிப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள் அவள். அவளுக்குக் கூலி!

மறுநாள் உச்சி வேளையில், வடிவு இல்லாத நேரம் பார்த்து, ஈரத்துணியில் சுற்றிய இரண்டு விரால்களை அவள் குட்டையில் விட்டாள் வேம்புலியம்மாள். கொஞ்சம் குறையட்டும், அவ்வளவுதான். ஜோடியா என்று பார்க்கக்கூட இல்லை.

மாசியில் வலை இழுத்தபோது துள்ளியதெல்லாம் விரால். கட்லா பதினொன்றே தேறியது.

"நல்லாத்தான் காயவுட்டேன் ஐயா. எங்க அக்காவக் கேளுங்க," என்று லைசென்ஸ் கொடுத்த மீன் இலாகா ஆளிடம் அழுதாள் வடிவு.

எல்லாரும் வேம்புலியம்மாளைப் பார்த்தார்கள்.

"மழையில... எங்க குட்டை ரொம்பி, அங்கருந்து ஏறி வந்திருக்கும்."

"அப்ப ஒரு குட்டை விரால், பக்கத்துக் குட்டை கட்லான்னு வச்சுக்கிட்டிருந்தா இப்படித்தான் ஆகும். உங்களுக்கு இது சரிப்படாது," என்றார் அவர்.

புறம்போக்குதானே, இரண்டு குட்டைகளும் கரையான்சாவடிக் காண்டிராக்டருக்குப் போயின.

அடுத்த மாசியில் லாரி வந்தது. குட்டைகளுக்குப் பாதை அந்தப் பக்கம்தான் என்பதால் வடிவு வீட்டு வாசலிலேயே நின்றது. காண்டிராக்டரின் கட்லாக் கூடைகளைச் சுமக்க நாள்கூலிக்கு நின்றார்கள் ஓரகத்திகள் இருவரும். வடிவு தன் பழைய புடவையை இரண்டாகக் கிழித்தாள். ஒரு பாதியைச் சும்மாடாகச் சுருட்டி வேம்புலியம்மாளின் தலையில் வைத்து அழுத்தினாள்.

"கூடை கனமாக் கீதுக்கா. தல நோவும்."

அதன்மேல் கூடை ஏறியது. மீன்நீர் சும்மாட்டில் ஊறி, வேம்புலியம்மாளின் கண்ணோரம் வழிந்து கன்னத்தில் இறங்கியது. இரண்டு கையும் கூடையில் இருந்ததால் அவளால் துடைக்க முடியவில்லை.