தொண்ணூற்றெட்டு

சிலிண்டர்காரர் மணியை அழுத்துவதற்கு முன்பே கதவு திறந்துவிட்டது. டீச்சரம்மா சிரித்துக்கொண்டு நின்றார். எட்டு மாதமாக இந்த வீட்டுக்கு ஆக்சிஜன் கொண்டுவருகிறார், அந்தம்மாள் சிரித்துப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

“சத்தமில்லாம வாங்க தம்பி. அவர் தூங்குறார். நேத்து நீங்க வந்துட்டுப் போனதுல இருந்து நல்ல தூக்கம். காலையில காபிக்குக்கூட எழுந்திரிக்கல.”

தள்ளுவண்டியை இழுத்த கை அப்படியே நின்றது. நாளைக்கு வரவேண்டிய சிலிண்டரை இன்றைக்கே கேட்டுப் போன் வந்தபோது, குழாயில் எங்கோ கசிவு இருக்கும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். நேற்றுத் தன் கையால் செய்தது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

கட்டிலில் கிடந்த டீச்சரம்மாவின் கணவர் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். பஸ் விட்ட புகைக்குக் குறையாமல் தானும் விட்டவர். நுரையீரல் கைவிட்டதே தவிர வாய் ஓய்வு பெறவில்லை. நேற்று, டீச்சரம்மா அடுப்படியில் இருந்த நேரம், சிலிண்டர்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“எவ்ளோ நாள்தான்பா என்னை ரெண்டுலயே ஓட்டுவ? மேடு ஏற மாட்டேங்குது. ஒரு கியர் மாத்துப்பா.”

நிமிஷத்துக்கு இரண்டு லிட்டர் என்பது டாக்டர் போட்ட கணக்கு. அதைத் தாண்டக் கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். புகை தின்ற நுரையீரலுக்கு ஆக்சிஜன் அதிகமானால் உள்ளே இருக்கும் கெட்ட காற்று வெளியே வராது. ஆள் தூங்குகிற மாதிரியே இருக்கும், அப்புறம் எழுப்ப முடியாது. சிலிண்டர்காரருக்கு எல்லாம் தெரியும். ஆனால் மூச்சுக்குத் தவிக்கிற மனிதர் கெஞ்சிக் கேட்கும்போது மனசு கேட்கவில்லை. அரை மணி நேரத்துக்கு மட்டும் என்று சிலிண்டர் தலையில் இருந்த திருகைத் திருப்பினார். கண்ணாடிக் குழாய்க்குள் அளவு காட்டும் சின்ன குண்டு நான்குக்கு ஏறியது. டிரைவர் கண்ணடித்தார். அதற்குள் அடுத்த வீட்டிலிருந்து போன் வந்தது, அவரும் அந்த வீட்டு நினைப்பில் குறைக்காமலே கிளம்பிப் போய்விட்டார். பெரிய தர்மப் பிரபு.

இப்போதும் குண்டு நான்கில்தான் நின்றது. டிரைவரின் முகம் சிவந்து, கை சூடாக இருந்தது. சிலிண்டர்காரர் தோளைப் பிடித்து உலுக்கினார். “ஐயா. டிரைவர் ஐயா.” உதடு லேசாக அசைந்து, மறுபடி ஓய்ந்தது.

“ஏன் எழுப்புறீங்க?” என்றார் டீச்சரம்மா. பெருமையோடு நோட்டை நீட்டினார். விரலில் மாட்டும் கருவி காட்டும் ஆக்சிஜன் எண்ணை மூன்று வேளையும் அதில் எழுதி வைப்பார். தொண்ணூறுக்குப் பக்கத்திலேயே தடவிக்கொண்டிருந்த எண்கள் நேற்றுச் சாயங்காலத்திலிருந்து தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றெட்டு என்றிருந்தன. பக்கத்தில் சிவப்பு மையில் ‘நன்று’.

சிலிண்டர்காரர் குண்டை இரண்டுக்கு இறக்கிவிட்டு ஆம்புலன்ஸுக்கும் டாக்டருக்கும் போன் செய்தார். டாக்டர் அடுத்தடுத்துக் கேள்வி கேட்டார். “ஒரேயடியா மூடிடாதீங்க, ரெண்டுலயே இருக்கட்டும், மூச்சை எண்ணிக்கிட்டே இருங்க” என்றார். எப்படிக் கூடியது என்றும் கேட்டார். “வந்து சொல்றேன் சார்” என்று வைத்துவிட்டார்.

டீச்சரம்மாவின் முகத்தில் சிரிப்பு போய்விட்டிருந்தது. அவர் கண் குண்டின் மேலேயே இருந்தது.

“அது அதிகமா இருந்துச்சா?”

“ஆமாம்மா.”

“தொடாதீங்கன்னு நீங்க சொன்ன நாள்ல இருந்து நான் அந்தப் பக்கமே கை வைக்கிறதில்ல தம்பி.” கொஞ்சம் நிறுத்தினார். “நேத்து மத்தியானம் தூசி தட்டினேன். துணி பட்டிருக்குமோ? நான்தான் பண்ணிட்டேனா?”

தலையை ஆட்டினால் போதும். ஆட்டக்கூட வேண்டாம், சும்மா இருந்தாலே போதும். வேலை நிலைக்கும், நாளைக்கும் வேறு வீட்டு மணியை அழுத்தலாம். பார்த்தவர் யாரும் இல்லை, ஒருத்தரைத் தவிர. அந்த ஒருத்தர் வாயைத் திறந்து எதையாவது கிண்டலாகச் சொல்லிவிட மாட்டாரா என்று கட்டிலைப் பார்த்தார். மூச்சு ஒன்று வந்தது. அடுத்தது வர நேரமானது.

“துணி படல. நான்தான் கூட்டினேன்,” என்றார். “அவர் கேட்டார். குறைக்க மறந்துட்டேன்.”

டீச்சரம்மா நோட்டை மூடிக் கட்டிலில் வைத்தார். பிறகு சிலிண்டருக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்று, எட்டு மாதமாகத் தொடாத அந்தத் திருகின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார்.

டிரைவரின் விரலில் மாட்டியிருந்த கருவியில் எண் இறங்கத் தொடங்கியது. தொண்ணூற்றேழு. தொண்ணூற்றைந்து. எண் ஏற வேண்டும் என்று வீடு வீடாக வேண்டிக்கொண்ட சிலிண்டர்காரர், இன்று அது இறங்கட்டும், ஆனால் தொண்ணூறுக்குப் பக்கத்தில் நின்றுவிடட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சரம்மாவும் அதையேதான் பார்த்தார். தெருமுனையில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் திரும்பவில்லை. டிரைவரின் நெஞ்சு ஒரு தடவை உயர்ந்தது, டீச்சரம்மாவின் உதடு சத்தமில்லாமல் எண்ணியது.